பிள்ளைகளின் இயல்பும் தொழில் தேர்வும்



பிளஸ் டூ முடிவுகள் வெளிவந்ததும், "எந்தப் படிப்புக்குச் சம்பளம் அதிகம்?" என்பதே நம் இல்லங்களில் எழும் முதல் கேள்வி. பிள்ளை எதைச் செய்கையில் சோர்வறியான் என்று நாம் வினவுவதில்லை. விசா வந்துவிட்டது என்பதற்காகவே படிப்பை விட்டுப் புறப்பட்டோர் நம் மஹல்லாவிலும் உளர்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908-ஆம் ஆண்டு தொழில் வழிகாட்டு நிலையம் கண்டவர் ஃபிராங்க் பார்சன்ஸ். பொறியியல் பயின்று, பின்னர் ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் விளங்கியவர். முதலில் தன்னை அறிதல், அடுத்துத் தொழில்களை அறிதல், பின்னர் இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்பது அவர் வகுத்த முறை. தன்னை அறிவதற்கென்றே நூற்றுக்கும் மேற்பட்ட வினாக்களை அவர் தொகுத்தார்; நேரிலும் உரையாடினார்.

இன்று 'ஆளுமைத் தேர்வு' கணினியில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதை நாம் வெறுக்கவேண்டியதில்லை. எனினும் பிள்ளை எழுதிய விடைகளையே அது தொகுத்துத் தருகிறது. தந்தைக்கு உகந்ததை எழுதினால் தந்தையின் விருப்பமே முடிவாக வரும். (அருகில் நின்று விடை சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் உண்டு!) மேலும், அது நாட்டத்தைக் காட்டுமேயன்றித் திறமையை அளப்பதில்லை.

ஆகவே, விண்ணப்பப் படிவத்தை நிரப்புமுன், மகனையோ மகளையோ அருகில் அமர்த்தி, ஒரு மாலைப்பொழுது அவர்கள் பேசுவதை நாம் கேட்போமாக. விரும்பும் தொழில் நடைபெறும் இடத்தில், விடுமுறையில் சில நாள்களேனும் இருந்து பார்க்க அனுமதிப்போமாக.