களத்தில் உழைப்பும் கட்டளையும்

(வெள்ளிவிழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் உடற்பயிற்சி ஆசிரியனுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். மதிப்பெண்களைப் பற்றிப் பேச வல்லவர்கள் இம்மேடையில் பலர் உள்ளனர். நான் விளையாட்டுக் களத்தை அறிந்தவன்; அதைப் பற்றியே பேசுகிறேன்.

முன்பு நான் பணியாற்றிய பள்ளியொன்றில், பெயர் வேண்டா, சடுகுடு அணி ஒன்று இருந்தது. பாடி வருபவனை மடக்கிப் பிடிப்பதில் நம் தெருப் பிள்ளைகள் இருவருக்கு ஈடாக அவ்வட்டாரத்தில் எவரும் இல்லை. முழங்காலில் தோல் உரிந்தாலும் பிடியை விடமாட்டார்கள். ஆயினும் அணித்தலைவனைத் தேர்ந்தெடுத்தபோது அவ்விருவர் பெயரையும் ஒருவரும் கூறவில்லை. கோப்பையை வாங்க மேடையேறியவன் வேறொருவன். நானும் அன்று வாய் திறக்கவில்லை. அது இன்றளவும் என்னை உறுத்துகின்றது. பிடிப்பதற்கு நம் கை வேண்டும். கட்டளையிட நம் வாய் வேண்டாம் என்னும் இவ்வழக்கம் எங்கெங்கு இருந்தது என்று தேடிப் படிக்கலானேன்.

அமெரிக்க நாட்டார் கால்பந்து என்று கூறும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரியை உடலால் மோதித் தள்ளி முன்னேறும் ஆட்டம் அது. ஓர் அணிக்கு 11 பேர். தடுக்கும் அணியின் முன்வரிசையில் பருத்த உடலினர் நிற்பர். அவர்களுக்குப் பின்னே நிற்பவரை லைன்பேக்கர் என்பர். பந்துடன் வருபவனை மடக்கி வீழ்த்துவது அவர் தொழில். ஏறத்தாழ நம் சடுகுடுவில் பிடிப்பவரைப் போல என்று கொள்ளலாம். அவர்களுள் நடுவில் நிற்பவருக்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. எதிரணி நிற்கும் நிலையைக் கண்டு, நொடிப்பொழுதில் தம் அணிக்கு ஆணையிடுபவர் அவரே. 1960களில் அந்நாட்டு அணிகளில் கறுப்பின வீரர் பலர் இருந்தனர். ஓடவும் மோதவும் அவர்கள் வேண்டும். ஆணையிடும் நடு இடம் மட்டும் வெள்ளையர்க்கே உரியது என்பது எழுதப்படாத விதி.

அவ்விதியை உடைத்தவர் வில்லி லேனியர். வர்ஜீனியா மாநிலத்தில் 1945இல் பிறந்தவர். கறுப்பின மாணவர்க்கென வளர்ந்த மார்கன் ஸ்டேட் கல்லூரியில் பயின்றவர். 1967இல் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் புகழ்மிக்க நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் வெள்ளை வீரர் ஜிம் லிஞ்ச் என்பவரையும் சேர்த்தது. இருவருக்கும் அந்த நடு இடத்தின்மீதே நாட்டம். களத்தில் போட்டியிட்டு அவ்விடத்தைப் பெற்றவர் லேனியர். லிஞ்ச் பக்கத்து இடத்திற்கு மாறினார். தொழில்முறை ஆட்டத்தில் நடு இடத்தில் நிலையாக ஆடிய முதற் கறுப்பினத்தவர் லேனியரே. முதலாண்டிலேயே தலையில் காயமுற்று, பின்னர்க் கவசத்தின் வெளிப்புறத்தில் மெத்தை பொருத்தி ஆடினார். 1970 ஜனவரி 11இல் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியை அவர் அணி 23–7 என்று வென்றது. 1977 வரை 11 பருவங்கள் ஆடினார். எதிரணி எறிந்த பந்தை 27 முறை இடைமறித்தார். 1986இல் அவ்விளையாட்டின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது.

இது கடல் கடந்த கதை என்று எண்ண வேண்டா. இதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்னரே நம் நாட்டில், நம்மைப் போன்ற ஒருவர் இதே மதிலில் மோதினார். அவர் பல்வங்கர் பாலு. 1876இல் தார்வாரில், தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட சாமர் வகுப்பில் பிறந்தவர். புனாவில் பார்சிகளின் கிரிக்கெட் கழகத்தில் களத்தைப் பெருக்கி உருட்டுவதற்கு அவர் பெற்ற மாத ஊதியம் 3 ரூபாய். பின்னர் ஐரோப்பியர் கழகத்தில் 4 ரூபாய். அங்கே கிரெய்க் என்னும் வெள்ளைக்கார மட்டையாளருக்கு நாள்தோறும் பந்து வீசுவார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் கிரெய்க் எட்டணா கொடுத்தார் என்று சொல்வார்கள். மணிக்கணக்கில் பந்து வீசிய அவர் கையில் ஒரு நாளேனும் மட்டையைக் கொடுத்தாரில்லை!

அவருடைய இடக்கைச் சுழற்பந்தைக் கண்டு இந்துக் கழகத்தார் அவரை வேண்டினர், சேர்ப்பதா வேண்டாவா என்று தமக்குள் வாதிட்டனர், முடிவில் சேர்த்தனர். களத்தில் அனைவரும் அதே பந்தைத் தொட்டனர். தேநீர் வேளையிலோ மற்றவர்க்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே, தூக்கி எறியும் மண்குவளை. இரட்டைக் குவளையைக் கண்ட நம் வட்டாரத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1906இல் பம்பாயில் ஐரோப்பியரை இந்துக்கள் அணி வென்றபோது அதில் பாலுவும் தம்பி சிவராமும் ஆடினர். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற அணியில் பாலு ஒருவரே 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். திரும்பி வந்த அவரை நம் மக்கள் கூடி வரவேற்றனர். அவ்வரவேற்பு மடலை எழுதியவர் இளைஞர் அம்பேத்கர் என்பர். இத்தனைக்குப் பின்னும் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. தலைவராக்கப்பட்ட பை என்பவரே, இப்பெருமை பாலுவுக்கு உரியது என்று கூறினார். அந்த நேர்மையாளரை நாம் மறத்தலாகாது.

1920இல் நடந்ததைச் சற்று விரித்துரைக்க வேண்டும். பை நோயுற்றார். தலைமை தேவதருக்குச் சென்றது. பாலுவோ அணியிலிருந்தே நீக்கப்பட்டார். தம்பியர் விட்டலும் சிவராமும் என்ன செய்தனர்? ஆட மறுத்து விலகினர். காரணத்தை ஊரறிய எழுதி வெளியிட்டனர். ஊர் இரண்டுபட்டது. அடுத்த ஆட்டத்திற்குள் பாலு துணைத்தலைவராக அழைக்கப்பட்டார், தம்பியரும் திரும்பினர். பை சிறிது நேரம் வேண்டுமென்றே களத்தைவிட்டு வெளியேற, அந்நேரம் அணிக்கு ஆணையிட்டவர் பாலு. அவருக்குக் கிடைத்த தலைமை அவ்வளவே. 1923இல் விட்டல் முறைப்படி தலைவரானார். அவ்வாண்டு இந்துக்கள் அணி கோப்பையை வென்றது. திறமை ஒன்றே அதைப் பெற்றுத் தந்தது என்று நான் நம்பவில்லை. அண்ணனின் திறமை இருபதாண்டுகள் கண்முன் நின்றும் கதவு திறக்கவில்லை. தம்பியர் ஆட மறுத்த பின்னரே அது அசைந்தது.

பின்னாளில் பாலு அரசியலுக்கு வந்தார். 1932இல் புனா ஒப்பந்தத்தில் நம் எம். சி. இராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோருடன் அவரும் கையொப்பமிட்டார். 1937 தேர்தலில் அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார். அது தனியே பேச வேண்டிய பொருள். 1955இல் மறைந்தார்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாலை வகுப்புப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் சடுகுடு ஆடுகின்றனர். அணித்தலைமையை வாரந்தோறும் ஒருவருக்கு முறைவைத்துக் கொடுங்கள். பெண் பிள்ளைகளையும் விடாதீர்கள். கோடு கிழிக்கச் சுண்ணாம்பு வாங்கும் செலவு என்னுடையது.