கரை உடைந்த வாய்க்கால்

நல்ல மருந்து கையில் இருந்தால் மட்டும் போதுமா? அது நோயுள்ள இடத்தைச் சென்று சேர வேண்டாமா? பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோயில் எழும் பெரிய இடர் இதுவே.

புற்றுக்கட்டி வளர்வதற்கு உணவும் பிராணவாயுவும் தேவை. ஆதலால் அது வி.இ.ஜி.எஃப். என்னும் புரதத்தைச் சுரந்து, புதிய இரத்தக் குழாய்களைத் தன்பால் வளரச் செய்கிறது. அவற்றைத் தடுத்தால் கட்டி பட்டினியால் வாடும் என்று 1971-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் கூறினார். ஆனால், மருந்தும் அவ்வழியாகத்தானே செல்ல வேண்டும்! வழியை அடைத்துவிட்டு மருந்தை அனுப்புவது எங்ஙனம்?

2001-ஆம் ஆண்டில் இதற்கு விடை பகர்ந்தவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்கா சென்ற ராகேஷ் ஜெயின். கட்டியின் குழாய்கள் கரை உடைந்த வாய்க்கால் போன்றவை. கசிந்த நீர் சுற்றிலும் தேங்கி அழுத்துகிறது; மருந்து கடைமடைக்கு எட்டுவதில்லை. அப்புரதத்தை அளவோடு தடுத்தால், வீண் கிளைகள் அழிந்து, எஞ்சியவை சிறிது காலம் செம்மையுறும்; அப்போது மருந்து உட்புகும் என்றார் அவர்.

2004-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், மலக்குடல் நோயாளர் சிலருக்குப் பெவாசிசுமாப் என்னும் தடுப்பு மருந்தை ஒருமுறை செலுத்தியபின் கட்டியின் உள்ளழுத்தம் தணிந்தது. அவ்வாண்டே வெளியான மற்றோர் ஆய்வில், நோய் உடலில் பரவியவர்களுக்கு வழக்கமான மருந்துகளோடு இதனையும் அளித்தனர். அவர்களுள் பாதிப் பேரேனும் உயிர்வாழ்ந்த காலம் 15.6 மாதங்களிலிருந்து 20.3 மாதங்களாக உயர்ந்தது.

நோய் தீர்ந்துவிடவில்லை, சில மாதங்களே கிட்டின. மிகுதியாகத் தடுத்தால் வழி மூடிவிடும். காலம் தவறினால் பயன் குன்றும். அந்த அளவையும் காலத்தையும் ஒவ்வொரு நோயாளிக்கும் அறுதியிடுவதே, மாணவர்களே, இனிச் செய்ய வேண்டிய பணி.