காதலின் கணக்கேடு: 'மிடில்மார்ச்' நாவலும் வர்க்கமும்

(வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' நாவல் 1871 டிசம்பர் தொடங்கி ஓராண்டில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. மேரி ஆன் எவன்ஸ் என்ற பெண்மணியின் புனைபெயரே ஜார்ஜ் எலியட். 1819இல் வார்விக்‌ஷயரில், நிலக்கிழார் ஒருவரின் பண்ணைகளை மேற்பார்வையிட்டவரின் மகளாகப் பிறந்தவர். ஃபாயர்பாக்கின் 'கிறித்துவத்தின் சாராம்சம்' நூலை 1854இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் இவரே. மார்க்சும் எங்கெல்சும் எவரோடு வாதிட்டுத் தமது பொருள்முதல்வாதத்தைக் கூர்மைப்படுத்தினார்களோ, அவரை ஆங்கில வாசகரிடம் கொண்டுசேர்த்தவர் இவர் என்பதை நினைவிற் கொள்வோம்.

கதை 1829க்கும் 1832க்கும் இடையே, நாடாளுமன்றச் சீர்திருத்தப் போராட்டக் காலத்தில் நிகழ்கிறது. களம், பட்டு நாடா உற்பத்தி நடைபெறும் ஒரு சிறுநகரம். அங்கே மலரும் காதல்கள் உணர்ச்சியின் மொழியில் தொடங்குகின்றன. ஆனால் அவற்றின் தலைவிதியை எழுதுவது கணக்கேடு. அந்தக் கணக்கில் யாருடைய உழைப்பு செலவாகிறது என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

முதலில் லிட்கேட், ரோசமண்ட் இணையைப் பார்ப்போம். லிட்கேட் பாரிசில் பயின்ற இளம் மருத்துவர். காய்ச்சல் மருத்துவமனை அமைக்கவும், உடல் திசுக்களை ஆராயவும் கனவு காண்பவர். ரோசமண்டின் தந்தை வின்சி பட்டு நாடா உற்பத்தியாளர்; நகரின் மேயர். பணம் படைத்த அக்குடும்பத்திடம் குலப்பெருமை இல்லை. எனவே லிட்கேட்டின் உயர்குடி உறவினர்களே ரோசமண்டின் கண்ணை முதலில் ஈர்க்கின்றனர். அவரோ, நோயை ஆராயும்போது காட்டிய கூர்மையில் சிறிதளவும் வாழ்க்கைத் துணையை அறிவதில் காட்டவில்லை. உழைத்துக் களைத்தவனுக்கு இளைப்பாறுதல் தரும் அணிகலனாகவே பெண்ணைக் கருதுகிறார்.

விளைவு என்ன? வீட்டுப் பொருள்களுக்கான கடன் வளர்கிறது. வங்கியாளர் புல்ஸ்ட்ரோட் தந்த 1,000 பவுண்டு, லிட்கேட்டின் நற்பெயரைக் கறைப்படுத்துகிறது. அவர் நகரை விட்டு வெளியேறி, செல்வந்தர்களுக்கு மருத்துவம் பார்த்து, கீல்வாதம் பற்றி ஒரு நூல் எழுதி, 50 வயதிலேயே இறந்துபோகிறார். ஏழைகளின் காய்ச்சலை ஆராய வந்தவர் எழுதியது பணக்காரரின் நோயைப் பற்றி!

இதற்கு ரோசமண்ட் மீது மட்டும் பழி சுமத்துவோர் உண்டு. அது நியாயமன்று. மணமான பெண்ணின் உடைமை கணவனைச் சேரும் என்பதே அன்றைய இங்கிலாந்தின் பொதுச் சட்டம். 1870ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவும், 1882ஆம் ஆண்டுச் சட்டம் விரிவாகவும் அந்நிலையை மாற்றின. திருமணம் ஒன்றையே தொழிலாகக் காட்டி வளர்க்கப்பட்ட பெண், அத்தொழிலில் ஆதாயம் தேடியதில் வியப்பில்லை. செல்வந்தப் பெண் டோரத்தியாவும் தப்பவில்லை. அவள் லாடிஸ்லாவை மணந்தால் தன் சொத்தை இழப்பாள் என உயிலில் எழுதிவைத்து, இறந்த பின்னும் அவளை ஆள முயல்கிறார் அவளது கணவர் காசோபன்.

அடுத்தது, வின்சியின் மகன் ஃபிரெட், மேரி கார்த் ஆகியோரின் காதல். பரம்பரைச் சொத்து வரும் என்று நம்பி வாழும் ஃபிரெட் 160 பவுண்டு கடன்படுகிறான். மேரியின் தந்தை காலெப் பிணைக் கையெழுத்திடுகிறார். ஃபிரெட்டின் கையில் எஞ்சியதோ 50 பவுண்டு. மீதி 110 பவுண்டை யார் கட்டினார்கள்? மேரியின் தாய், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, மகனைத் தொழில் பழக அனுப்புவதற்காகச் சேமித்த 92 பவுண்டு. நோயாளிக் கிழவர் ஒருவரைப் பராமரித்து மேரி ஈட்டிய 18 பவுண்டு. ஒரு கனவானின் மகனுடைய பொறுப்பின்மைக்கு இரு பெண்களின் உழைப்பு விலையாகிறது. உழைத்து வாழக் கற்றால்தான் மணப்பேன் என்ற மேரியின் உறுதி, நாவலின் மிக நிமிர்ந்த குரல்.

ஆனால் ஃபிரெட் உழைப்பின் பக்கம் வரும் காட்சியைக் கவனியுங்கள். ரயில்பாதைக்கு நிலம் அளக்க வந்தவர்களைக் கிராமத் தொழிலாளர்கள் கவைக்கோல்களுடன் எதிர்க்கிறார்கள். ஃபிரெட் குதிரையேறி, சாட்டையுடன் அவர்களை விரட்டுகிறான். அன்றே காலெப்பிடம் வேலை கேட்கிறான். மேரியை அடையும் வழி திறக்கிறது. திமோத்தி கூப்பர் என்னும் முதிய தொழிலாளி மட்டும், கால்வாய் வந்தது, போர் வந்தது, அமைதி வந்தது, ஏழைக்கு எதுவும் வரவில்லை, ரயிலும் பெரிய மனிதர்களுக்கே என்கிறார். நேர்மையாளரான காலெப்பிடமும் அதற்குத் தக்க மறுமொழி இல்லை.

நெசவாளர்கள் எங்கே? ஒரு பாதிரியாரின் மனைவி, வின்சி குடும்பத்தின் பொலிவு கைத்தறி நெசவாளர்களின் உயிரை உறிஞ்சிப் பெற்றது என ஏளனமாகச் சொல்கிறார். ரோசமண்டின் அழகுக்கு அடியிலுள்ள கணக்கு அந்த ஒரு பேச்சில் வெளிப்பட்டுவிடுகிறது. ஆயினும் அதைச் சொல்வது மேட்டுக்குடியின் அகந்தை. நெசவாளர் தம் வாயால் அதைச் சொல்லவில்லை. நாவலின் எல்லை இதுதான். சமூகத்தின் நோய்க்குத் தனிமனிதரின் மனச்சான்றையே எலியட் மருந்தாகக் காண்கிறார்.

1884இல் எங்கெல்ஸ் தமது 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' நூலில், சொத்துறவு நீங்கும்போதே திருமணம் உண்மையில் சுதந்திரமாகும் என்று வாதிட்டார். எலியட் அந்த முடிவுக்குச் செல்லவில்லை. எனினும், அம்முடிவுக்கு வேண்டிய சான்றுகளை மறைக்காமல் எழுதிவைத்தார். சாதியும் சொத்தும் சீர்வரிசையும் பார்த்து உறுதியாகும் மணங்களை நாள்தோறும் காணும் நமக்கு அச்சான்றுகள் அந்நியமானவை அல்ல. இந்நாவலை வாசியுங்கள், ஒவ்வொரு காதல் காட்சியிலும், இதற்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்டபடி வாசியுங்கள்.