நாசிக்கின் ஒயின் திராட்சை

மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில், குறிப்பாக திந்தோரி, நிபாட் வட்டங்களில், திராட்சைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. விளைச்சலில் பெரும்பகுதி உண்பதற்கும் உலர்த்துவதற்குமே செல்கிறது; ஒயின் ஆலைகளை அடைவது சிறு பகுதியே. எனினும் வேளாண்மையை ஆலைத் தொழிலோடு இணைக்க முயல்வோர் அச்சிறு பகுதியின் வரலாற்றை ஊன்றிப் படிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும்போது அறுவடை நடைபெறுகிறது. நாசிக்கிலோ கொடி ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்யப்படுகிறது. கோடைக் கவாத்து கிளைகளை வளர்ப்பதற்கு. மழை ஓயும் தறுவாயில் செய்வது காய்ப்பிற்கு. பகல் வெயிலும் இரவுக் குளிரும் கூடிய தை, மாசி மாதங்களில் பழம் முதிர்கிறது.

2001-இல் மாநில அரசு திராட்சைப் பதனத் தொழிலுக்கெனக் கொள்கை வகுத்துச் சலுகைகள் வழங்கிற்று. ஆலைகள் பெருகின. விவசாயிகள் பலர் செனின் பிளாங்க், ஷிராஸ் போன்ற ரகங்களை ஒப்பந்த அடிப்படையில் நட்டனர். சிக்கல் இங்குதான். இப்பழம் சிறியது, விதையுள்ளது. சந்தையில் உண்பதற்கு வாங்குவோர் இலர். தாம்சன் விதையில்லாத் திராட்சையை ஒரு வியாபாரி மறுத்தால் மற்றொருவரிடம் விற்கலாம், உலர்த்தியும் வைக்கலாம். ஒயின் திராட்சைக்கு ஆலை வாசல் ஒன்றே வழி. 2008-இல் உலகப் பொருளாதாரச் சரிவும் மும்பைத் தாக்குதலும் ஒயின் விற்பனையைத் தாக்கியபின் ஆலைகள் கொள்முதலைக் குறைத்தன. பல ஆண்டுகள் பேணிய கொடிகளை விவசாயிகள் பிடுங்கினர்.

பின்னர் தொழில் மீண்டது. 'நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்' புவியியல் குறியீடும் பெற்றது. அக்குறியீடு பெயரைக் காக்கும். கொள்முதலுக்கு அது பொறுப்பன்று. ஆலை பின்வாங்கினால் இழப்பை ஏற்பவர் யார் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாத வரையில், விவசாயி இந்த ரகங்களை நடத் தயங்குவதில் வியப்பில்லை.