படத்திற்கும் பெயர் வேண்டும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பிழைப்பு நாடி வந்து இக்குடியிருப்பில் கூடி வாழும் நமக்கு எல்லைக்கோட்டைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகத்தீசுவரமும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அந்த வரலாற்றைப் பேச நான் இன்று எழவில்லை. அந்த வட்டத்திலுள்ள நெசவாளர் கடைகளைக் கைபேசியில் தேடுவோர் ஏன் காண இயலவில்லை என்பதே என் பேச்சு.

பாலராமபுரத்தை அறியாதார் நம்மில் இல்லை. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மர் காலத்தில், தென்தமிழ் ஊர்களிலிருந்து அழைத்துவரப் பெற்ற சாலியர் குடும்பங்கள் அங்கே தறி நாட்டின. தெருவிலே பாவு நீட்டிக் கஞ்சியிட்டு, குழித்தறியில் அமர்ந்து, நாடாவைக் கையால் எறிந்து நெய்யும் அவர்தம் துணியில், கரையின் அழகு இருபுறமும் ஒன்றுபோல் தோன்றும். 2009 ஆம் ஆண்டில் அத்துணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனினும் விசைத்தறியில் நெய்து அப்பெயரையே சூட்டி விற்பாரும் உளர்.

சென்ற ஓணத்திற்கு முன் என் தமக்கை மகள் முண்டும் நேரியதும் வாங்க விரும்பிக் கைபேசியில் தேடினாள். முதலில் வந்தவை யாவும் தொலைதூரப் பெருங்கடைகள். எங்கள் உறவினர் ஒருவர் சாலியர் தெருவில் கடை வைத்திருக்கிறார். அவருக்கு வலைத்தளமும் உண்டு. அது தென்படவே இல்லை. பின்னர் அவருடைய தளத்தைத் திறந்து பார்த்தபோது காரணம் விளங்கிற்று. துணிகளின் படங்கள் இருபது. ஒவ்வொன்றும் கைபேசியில் எடுத்தபடியே, ஏறத்தாழ நான்கு மெகாபைட் பருமனுடன் ஏற்றப்பட்டிருந்தது. ஆக எண்பது மெகாபைட்! மழைக்காலத்து மலையோர இணைப்பில் அப்பக்கம் திறப்பதற்குள் பார்ப்பவர் பொறுமை இழந்து போய்விடுவார். பக்கத்தின் முதன்மையான படம் இரண்டரை நொடிக்குள் தோன்ற வேண்டும் என்பது கூகிள் நிறுவனம் வகுத்துள்ள அளவு.

அதனினும் பெரிய குறை மற்றொன்று. படங்களுக்குக் கருவி இட்ட எண்களே பெயராக நின்றன. கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் கலியாணச் சுவரொட்டி போல ஒரே படத்திற்குள் எழுதி வைத்திருந்தார். நம் கண்ணுக்கு அழகு. தேடுபொறியோ முதலில் எழுத்தாக உள்ளதையே நம்புகிறது. படத்தை ஓரளவு உணரும் ஆற்றல் அதற்கு இன்று வந்திருப்பினும், வெள்ளைத் துணியைக் கண்டு இது எவ்வூர்த் துணி, கைத்தறியா விசைத்தறியா என்று அதனால் எப்படிச் சொல்ல இயலும்? நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு இடம் உண்டு. ஒவ்வொரு படத்தோடும் கண்ணுக்குத் தெரியாத மாற்றுரை ஒன்றை எழுதி வைக்கலாம். கண்பார்வை இல்லாதவர்க்குக் கைபேசி அதை வாய்விட்டுப் படித்துக் காட்டும். தேடுபொறியும் அதைப் படிக்கிறது. ‘பாலராமபுரம் சாலியர் தெருவில் குழித்தறியில் நெய்த நேரியது, இருபுறமும் ஒரே கரை’ என்று உண்மையை எழுதினால் போதும். ஊர்ப்பெயரையே பத்து முறை அடுக்குவது வேண்டாம்; அது தேடுபொறியை ஏமாற்றும் முயற்சியாகக் கருதப்படும். துணியின் ஒரு முனையை மடித்து மறுபுறத்தையும் காட்டும் படம் ஒன்று இருந்தால், ஆயிரம் விளம்பரச் சொல்லை விட அதுவே மேல்.

மொழியைப் பற்றி நமக்குத் தனிக் கடமை உண்டு. அந்தத் தளம் முழுதும் ஆங்கிலம், சிறிது மலையாளம். மார்த்தாண்டத்திலோ களியக்காவிளையிலோ மணவீட்டார் ஒருவர் ‘கைத்தறி வேட்டி’ என்று தமிழில் தேடினால், அச்சொல்லே இல்லாத பக்கம் அவர்முன் வரும் என்பதற்கு என்ன உறுதி? தமிழ்நாட்டிலிருந்து சென்ற நெசவாளரின் வழித்தோன்றல் தம் துணியைத் தமிழில் ஒரு வரி எழுதாமல் விட்டிருந்தார். ‘கசவு’ என்பாரும் ‘சரிகை’ என்பாரும் அவருக்கு வாடிக்கையாளரே. இரண்டு சொல்லும் படத்தின் கீழே இருக்கட்டும் என்றேன்.

படங்களை அகலம் குறைத்து, 2010 இல் கூகிள் வெளியிட்ட வெப்பி வடிவத்திற்கு மாற்றினோம். ஒவ்வொன்றும் நூற்றைம்பது கிலோபைட் அளவில் அடங்கிற்று. எண்பது மெகாபைட் மூன்றாயிற்று. ஆனால் கூகிள் வரைபடத்தில் தோன்றும் கடைக் குறிப்பிற்கு அவ்வடிவம் ஆகாது. அங்கே ஜேபெக் அல்லது பிஎன்ஜி வேண்டும். அளவு ஐந்து மெகாபைட்டுக்குள், 720 புள்ளிக்கு 720 புள்ளி இருத்தல் நன்று. கடையின் முகப்பை நெடுஞ்சாலைப் பக்கமிருந்து எடுத்துப் போட்டால், சந்துக்குள் வருவோர் வழி தவறமாட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. படத்திற்குள் அட்சரேகை தீர்க்கரேகை எண்களைப் பதித்துத் தருகிறோம், முதலிடம் நிச்சயம் என்று பணம் கேட்பார் சிலர். அப்பதிவு வாட்ஸப்பில் படமாக அனுப்பும்போதே உதிர்ந்துவிடும். அதற்காக ஒரு காசும் கொடுக்க வேண்டாம். அண்டைக் கடைகளை வரிசைப்படுத்துவதற்குப் பொருத்தம், தொலைவு, பெயர்பெற்ற நிலை என மூன்றையே அந்நிறுவனம் வெளிப்படையாகக் கூறுகிறது. தொலைவை நாம் மாற்ற முடியாது. படமும் அதன் சொல்லும் பொருத்தத்திற்கு உதவும். முதலிடத்தை வாங்கித் தந்துவிடா. என் உறவினர் கடையும் இன்னும் முதலில் வரவில்லை. ஆயினும் ‘பாலராமபுரம் குழித்தறி நேரியது’ என்று தேடினால் இப்போது முதற்பக்கத்தில் அவருடைய படம் நிற்கிறது. நாகர்கோயிலிலிருந்து ஒருவர் தமிழிலேயே பேசி வேட்டி கேட்டாராம்.

நம் குடியிருப்பில் ஊரில் கடையுள்ள குடும்பங்கள் பல உண்டு. விழா முடிந்தபின் கூடத்தின் பின்வரிசையில் நானும் நம் இளைஞர் இருவரும் அமர்ந்திருப்போம். கடைப் படங்கள் உள்ள கைபேசியோடு வாருங்கள். மாற்றுரையைத் தமிழிலும் மலையாளத்திலும் உடனிருந்தே எழுதித் தருகிறோம்.