நிற்க ஓர் இடம்

(சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் அப்பாமார் பம்பாய்க்கு வந்த காலத்தில் வேலைக்கு ஓர் இடம் இருந்தது. ஆலைக்கு வாயில், தோல் பட்டறைக்குத் திண்ணை. சங்கு ஊதினால் ஒரு ஷிப்டு உள்ளே போகும், ஒரு ஷிப்டு வெளியே வரும். எவனுக்குக் கூலி பிடித்தார்கள் என்பது வாயிலைத் தாண்டுமுன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடும். 1982 ஜனவரி 18-ல் இந்நகரத்தின் பஞ்சாலைத் தொழிலாளர் சுமார் 2.5 லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். அது எப்படி முடிந்தது என்பது வேறு கதை. ஆனால் வாயிற்கூட்டம் இல்லாமல் அத்தனை பேர் சேர்ந்திருக்க முடியுமா?

இன்று நம் பிள்ளைகள் வண்டியில் சோறும் மளிகையும் கொண்டுபோகிறார்கள். அவர்களுக்குக் கைப்பேசிதான் தொழிற்சாலை. மேஸ்திரியும் அதற்குள்தான் இருக்கிறார், முகமில்லாத மேஸ்திரி! கோபம் வந்தால் ஐடியை முடக்கிவிடுவார். எந்த வாயிலில் போய்க் கேட்பது?

போன மழைக்காலத்தில் நம் தாராவிப் பிள்ளைகள் இருவர் ஒரு டீக்கடையில் ஒதுங்கினார்கள். ஒரே கம்பெனி, ஒரே தூரம். இரண்டு கைப்பேசிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒருவனுக்கு 41 ரூபாய், மற்றவனுக்கு 29 ரூபாய் என்று தெரிந்தது. மழை பெய்திராவிட்டால் இன்றுவரை தெரிந்திருக்காது.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. போலீஸ் எங்கே நிற்கிறது, எந்தக் கட்டடத்தில் லிஃப்டில் ஏற்ற மறுக்கிறார்கள் என்று சொல்ல உதவுகிறது. கூலியைப் பற்றி எழுதத்தான் கை நடுங்குகிறது. யார் அதைப் படம்பிடித்து மேலே அனுப்புவாரோ! டீக்கடையில் எதிரே நிற்பவன் முகமாவது தெரியும்.

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல்தான் நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகள் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் நலநிதிக்குத் தரவேண்டும் என்கிறது. வரட்டும். ஆனால் நிதி வந்தால் மட்டும் நாலு பேர் கூடிப் பேச இடம் வந்துவிடாது. சென்னை மாநகராட்சி 2025-ல் இவர்களுக்கென அண்ணா நகரில் ஓய்வறை திறந்தது. நம்மிடமும் ஓர் அறை இருக்கிறதே!

பிற்பகல் மூன்றிலிருந்து ஆறுவரை ஆர்டர் மந்தம். அந்நேரம் நம் வாசகசாலை பூட்டிக் கிடக்கிறது. சேறு படியும் என்று நிர்வாகக் குழுவில் சிலர் சொல்கிறார்கள். நம் அப்பாமார் தோல் நாற்றத்தோடுதானே இங்கே வந்து பேப்பர் படித்தார்கள்? வீடுவீடாகப் போய் அழகுக்கலை வேலை செய்யும் நம் பெண்களுக்குக் கழிப்பறைக்கே வழியில்லை. அதையும் திறந்துவிடுவோம். கைப்பேசிக்கு மின்சாரம், ஒரு பானைத் தண்ணீர், விசிறி போதும். வருவோர் பெயர் எழுதும் நோட்டு மட்டும் வேண்டாம்.

செயலாளர் அய்யா, சாவி உங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த கூட்டம்வரை தள்ளாமல் இன்றே முடிவு சொல்லுங்கள்.