மத்தவிலாசத்தில் யார் சிரிப்பது?



நம் நாடகக் குழுவினர் 'மத்தவிலாசம்' என்னும் பழைய நகைச்சுவை நாடகத்தைத் தமிழில் நடிக்க முனைந்துள்ளனர். "பிக்குவைக் கேலி செய்யும் நாடகம் நமக்கெதற்கு?" என்று நண்பர் ஒருவர் வினவினார். பௌத்தம் தழுவியோர் நம்மிடையே இருக்க, அவ்வினா நியாயமானதே.

இதனை இயற்றியவன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். மொழி வடமொழியும் பிராகிருதமும். களமோ நமக்கு அண்மையிலுள்ள காஞ்சித் தெருக்கள். குடிமயக்கத்தில் கபாலத்தைத் தொலைத்த காபாலிகன் சத்தியசோமன், வழியில் வந்த பிக்கு நாகசேனனைத் திருடன் என்கிறான். பாசுபதன் ஒருவன் நடுவனாகிறான். முடிவில் பித்தன் ஒருவன், நாயிடமிருந்து பறித்த கபாலத்தோடு வந்து சேருகிறான்.

கேரளத்தில் சாக்கியார்கள் இதனைக் கோயில்களில் ஆடிக் காத்தனர். அங்கே அது நேர்த்திக்கடனாயிற்று. காபாலிகனின் ஆட்டம் ஓங்க, வழக்கும் வசையும் ஒதுங்கின. எள்ளலாகப் பிறந்தது வழிபாடாக மாறிய விந்தையைப் பாருங்கள்! அதனைக் காணவும் ஒடுக்கப்பட்டோர்க்கு வழியில்லை. திருவிதாங்கூர்க் கோயில்கள் 1936-இல்தான் அவர்களுக்குத் திறந்தன. 1917-இல் கணபதி சாஸ்திரியார் திருவனந்தபுரத்தில் மூலத்தை அச்சேற்றினார். 1965-இல் கேரள கலாமண்டலம் கூடியாட்டத்தைப் பாடமாக்கியது. கோயில் மதிலைத் தாண்டக் கலைக்கும் அத்தனை காலம் பிடித்தது.

நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் வேறு. "நீதிமன்றம் செல்வோம்" என்ற பேச்சு எழுந்ததும், காபாலிகனின் துணைவி தேவசோமா தயங்குகிறாள். விகாரங்களின் செல்வத்தைக் கொண்டு பிக்கு அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான். சாம்பலும் பாம்புத்தோலுமே உடைமையான நாம் எதைக் கொடுப்பது என்கிறாள். நீதிமன்றத்தார் நேர்மையாளர் என்று பாசுபதன் உடனே மறுக்கிறான். மன்னன் எழுதிய நாடகமன்றோ! அரசவையில் அது ஒரு புன்னகையோடு போயிருக்கும். தொழிலாளர் வழக்கில் ஆண்டுக்கணக்காய் வாய்தா கேட்டு அலைந்தவர் அமர்ந்திருக்கும் இந்த அவையில் அப்படிப் போகாது.

நண்பரின் வினாவுக்கு வருகிறேன். மதுவையும் மங்கையரையும் விலக்காத மூலநூல் எங்கோ இருக்கும் என ஏங்கும் நாகசேனனைக் கண்டு சிரிக்கலாம். அது அவனது போலித்தனம். ஆனால் செய்யாத திருட்டுக்குத் தெருநடுவே அவன் நிற்கும்போது சிரிப்பு அடங்கவேண்டும். அந்த நிலை நமக்குப் புதிதன்று. கோமாளி நடையெல்லாம் பித்தனுக்கு இருக்கட்டும். திரௌபதியம்மன் திருவிழாக் கூத்தில் ஊர்நடப்பைப் போட்டு உடைக்கும் கட்டியங்காரனைப் போல அவன் பேசட்டும்.

நேற்றைய ஒத்திகையில் தேவசோமாவாக நடிக்கும் தங்கை, நீதிமன்ற வரியை விரைந்து சொல்லிக் கடந்துவிட்டாள். நாளை அவள் அதைச் சற்று நிறுத்தி, அவையைப் பார்த்துச் சொல்லட்டும்.